தீப்பெட்டியும் பத்தாயமும்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால், முட்டிவலியில் ஆரம்பிக்கிற பேச்சு எப்படியும் காரில் போய்த்தான் நிற்கிறது. மகன் கார் வாங்கப்போகிறான் என்பீர்கள். ரிப்பேர் வைக்காத வண்டியா, ஓட்டினால் உடம்பு சிலிர்க்கிற வண்டியா என்று வீட்டில் நடக்கிற மல்லுக்கட்டைச் சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். எங்கள் வீட்டில் அந்தச் சண்டை அறுபதுகளிலேயே நடந்து முடிந்துவிட்டது. அதில் யார் ஜெயித்தார்கள் என்பதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

அருப்புக்கோட்டையில் அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். தறிக்காரர்களிடம் சேலை வாங்கி, திருச்சுழி, காரியாபட்டி, பந்தல்குடி என்று சுற்றியுள்ள ஊர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். எல்லாம் பஸ்ஸில்தான். சேலைக் கட்டுகளை பஸ்ஸின் தலையில் ஏற்றிவிட்டு, வழி நெடுக ஜன்னல் வழியே மேலேயே பார்த்துக்கொண்டு வருவார். ஒரு ஐப்பசியில் தார்ப்பாய் காற்றில் பறந்து, நாற்பது சேலையும் நனைந்து, பச்சைச் சாயம் சிவப்பில் இறங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், நனைந்த கட்டைக் கூடத்தில் போட்டுவிட்டு, "கார் ஒண்ணு வாங்கிருவோம்" என்றார்.

புதுக் காருக்கு அந்தக் காலத்தில் பெயர் எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் பழைய வண்டி என்று முடிவானது. மதுரையிலிருந்து ஒரு புரோக்கர் வந்து, கைவசம் இரண்டு சின்னக் கார் இருக்கிறது என்றார். ஒன்று சாம்பல் நிறம், நாலு கதவு, அகலமான சீட்டு, பின்னால் சேலைக் கட்டு வைக்கத் தாராளமான இடம். மற்றது சிவப்பு, இரண்டே கதவு, தரையோடு தரையாகப் போகும்.

அன்றிலிருந்து வீடு இரண்டாகப் பிரிந்தது.

அப்பா எந்த வண்டியைப் பற்றியும் ஒரே கேள்விதான் கேட்பார். "வழியில நின்னுருக்கா?" சாம்பல் வண்டி ஒருநாளும் நின்றதில்லை என்று புரோக்கர் அடித்துச் சொன்னார். அது போதும் அப்பாவுக்கு. சித்தப்பா மதுரையில் ஒரு மாதம் தங்கிக் கார் ஓட்டப் பழகியவர். கறுப்புக் கண்ணாடி வைத்திருந்தார். குடும்பத்தில் காரைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவருக்குச் சிவப்புதான் வேண்டும்.

"அண்ணே, நீங்க சொல்ற வண்டி பத்தாயம். நெல்லக் கொட்டி வைக்கத்தான் ஆகும்."

"நீ சொல்றது தீப்பெட்டி. ரெண்டு பேரு ஒக்காந்தா மூணாவது ஆளு மடியில ஒக்காரணும்."

பத்தாயம், தீப்பெட்டி என்கிற பெயர்கள் அப்படியே நிலைத்துவிட்டன. சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு. அம்மா இலைக்கு இலை நகர்ந்து பரிமாறிக்கொண்டே இருப்பாள். உனக்கு எது பிடித்திருக்கிறது என்று அவளை யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அப்போது எனக்கு வயது ஒன்பது.

பஸ்ஸில் போனால் அம்மா டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருவாள். அது கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். அவளுக்கு வயிற்றைப் புரட்டும், அதனால்தான் முன்னால் உட்காருகிறாள் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அவளும் மறுத்ததில்லை. வளைவு வரும்போது அவளுடைய கால் பஸ்ஸின் தரையை மெல்ல அழுத்துவதை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்திருக்கிறேன். கால் மரத்துப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இரண்டு வண்டிகளும் எங்கள் தெருவுக்குள் வந்தன. சாம்பல் வண்டியை வயசான டிரைவர் ஒருவர் ஓட்டிவந்தார். சிவப்பைப் புரோக்கரே ஓட்டிவந்தார். அப்படி ஒரு வாசனையை அதற்கு முன் நான் முகர்ந்ததில்லை: பெட்ரோல், சூடான ரெக்சின், பழைய கிரீஸ், எல்லாம் கலந்து. சிவப்பு வண்டியின் முன்பக்கம் முழுசும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறந்தபோது தெருப்பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். உள்ளே இன்ஜின், சக்கரம், கம்பி எல்லாம் வெட்டவெளியாகத் தெரிந்தன. அம்மா வாசலில் நின்றபடி, அந்த இன்ஜினையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டையும் திருச்சுழி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் எது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். வேண்டாத வண்டியைப் புரோக்கர் அன்றைக்கே மதுரைக்குக் கொண்டுபோய்விடுவார்.

போகும்போது சித்தப்பா புரோக்கரோடு தீப்பெட்டியில் ஏறிக்கொள்ள, அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பத்தாயத்தில் போனோம். அது சத்தமே போடவில்லை, குலுங்கவும் இல்லை. நான் தூங்கிவிட்டேன். திருச்சுழிக் கோயில் வாசலில் இறங்கும்போதே அப்பா முடிவு செய்துவிட்டார். "புள்ளையே தூங்கிருச்சு. இதவிட என்ன வேணும்?" என்றார். ஊரில் மெக்கானிக் கடையை மத்தியானம் பூட்டிவிடுவார்கள். அதற்குள் இன்ஜினைக் காட்டிவிடுங்கள் என்று புரோக்கரையும் டிரைவரையும் சாம்பல் வண்டியில் முன்னாலேயே அனுப்பிவிட்டார்.

சித்தப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "திரும்பிப் போறப்பவாச்சும் ஒரு தடவ இதுல ஏறிப் பாருங்கண்ணே" என்று கெஞ்சினார். வேறு வண்டியும் இல்லை. ஏறினோம்.

பாதி வழியில் மழை பிடித்தது. நம் பக்கத்து மழை எப்படி என்று தெரியுமே. வருஷம் முழுக்க முகத்தைக் காட்டாமல் இருந்துவிட்டு, வந்தால் ஒரே மணி நேரத்தில் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகும். ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகிற ஓடையில் தண்ணீர் செக்கச்செவேலென்று இறங்கித் தரைப்பாலத்தின் மேல் ஓட ஆரம்பித்திருந்தது. சித்தப்பா வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிப் பார்த்தார். மழை விட்டுவிட்டது, தண்ணீர் கணுக்கால் அளவுதான், போய்விடலாம் என்று வந்து சாவியைத் திருகினார். வண்டி முனகியது. இன்னொரு தடவை திருகினார். முனகலும் நின்றது.

"வழியில நின்னுருச்சு" என்றார் அப்பா.

சித்தப்பா பின்பக்கத்திலிருந்து இரும்புக் கைப்பிடியை எடுத்துவந்து வண்டியின் மூக்கில் செருகினார். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. முழங்கை நீளத்துக்கு மடங்கி மடங்கி இருக்கும். அதைக் கையால் சுற்றித்தான் இன்ஜினை எழுப்புவார்கள்.

அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "கொழுந்தனாரே, கட்டவிரல மடக்கிப் பிடிக்காதீக."

"மதினி, இது என்ன கெணத்து ராட்டா? நீங்க சும்மா இருங்க."

ஓங்கி ஒரு சுற்று சுற்றினார். இன்ஜின் பெரிதாக ஒரு தும்மல் போட்டது. கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் திரும்பிச் சுழன்று அவர் மணிக்கட்டில் அடித்தது. ஈர விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. சித்தப்பா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா கீழே இறங்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். இரண்டு பக்கமும் கருவேலமும் வானமும்தான். பஸ் இனிச் சாயங்காலம்தான். ஓடையில் தண்ணீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கல்லை மூடியது. கொஞ்ச நேரத்தில் அடுத்த கல்லையும் மூடியது. "யாராச்சும் வருவாக" என்று அப்பா சொன்னார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. சித்தப்பாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது.

அம்மா அப்பாவின் தோளில் கிடந்த துண்டை உருவி, சித்தப்பாவின் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, அந்தக் கரை வரைக்கும் காலால் துழாவிக்கொண்டே நடந்துபோய்த் திரும்பி வந்தாள்.

"ஏங்க, அவுகளப் பின்னால ஏத்துங்க."

"ஏத்தி?"

"ஏத்துங்க, சொல்றேன்."

அப்பா ஏற்றினார். அம்மா வண்டிக்குள் குனிந்து எதையோ இழுத்துவிட்டாள், எதையோ தள்ளிவிட்டாள். முன்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தாள். கட்டைவிரல் மற்ற நாலு விரலோடு சேர்ந்து ஒரே பக்கமாக இருந்தது. கீழிருந்து மேலாக, சுண்டி இழுக்கிற மாதிரி ஒரே ஓர் இழுப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவள் கைப்பிடியை என் மடியில் போட்டாள். அதன் ஈரமும் கனமும் இன்னும் என் தொடையில் இருக்கின்றன. பிற்பாடு வீடு மாறியபோது அது எங்கே போனது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அப்பா ரோட்டில் நின்றபடியே கேட்டார். "என்ன செய்யுற நீ?"

"ஏறுங்க. தண்ணி ஏறுது."

அப்பா ஏறினார். வண்டி மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. ஒரே சீராக இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா காலைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை. பலகைக்கு அடியில் தண்ணீர் ஜல்லி கொட்டுகிற மாதிரி இரைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தக் கரையில் ஏறிக்கொண்டிருந்தோம். அம்மா பிரேக்கை இரண்டு மூன்று தடவை தொட்டுத் தொட்டு ஈரத்தை உலர்த்தினாள். பிறகு கியரை மாற்றினாள். இன்னொரு தடவை மாற்றினாள். ரோடு எங்களுக்கு அடியில் ஓட ஆரம்பித்தது.

என்னால் அதை எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு பக்கமும் நனைந்த கரிசல், நேர் ரோடு, ஜன்னல் வழியே ஈரக்காற்று. வளைவில் சித்தப்பா திருப்பினால் நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிவோம். அம்மா திருப்பியபோது வண்டியே வளைந்து கொடுத்தது. எங்களுக்கு வளைவு வந்ததே தெரியவில்லை.

ரொம்ப தூரம் போன பிறகு அப்பா கேட்டார். "எத்தன நாளாத் தெரியும்?"

"பதினாலு வயசுல இருந்து."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? எங்கப்பாவுக்கு ஆம்பளப் புள்ள இல்லேன்னு ஒங்களுக்குத் தெரியுந்தான? டிரைவர் வராத அன்னிக்கு உப்பு லோடு நிக்குமா? தலையில துண்டக் கட்டிக்கிட்டு நாந்தான் தூத்துக்குடிக்கு லாரிய எடுத்துட்டுப் போவேன்."

பந்தல்குடியில் தாத்தா ஒற்றை லாரி வைத்து நடத்தியது எங்களுக்குத் தெரியும். அதை யார் ஓட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார் அப்பா.

"லாரி ஓட்டுற புள்ளைய எவன் கெட்டுவான்னு எங்கப்பா என் வாய அடச்சுட்டாக. நானும் அடச்சுக்கிட்டேன்."

"பதினோரு வருசமா?"

"பதினோரு வருசமா."

அப்பா வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார். பின்சீட்டிலிருந்து சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, கை உசுரு போகுது. ஆனா மதினிய இன்னும் கொஞ்சம் வெரசாப் போகச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகக் கடைவீதியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சந்தைக் கூட்டம். தராசைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு மிளகாய் வியாபாரி அப்படியே நின்றுவிட்டார். அப்பாவைத் தெரிந்தவர்கள் ரோட்டின் இரு பக்கமும் வரிசையாக நின்று பார்த்தார்கள். அப்பா குனிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டே வந்தார். அதிர்ச்சியில் கை தானாக அப்படிச் செய்துவிட்டது என்று பிற்பாடு சித்தப்பா சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சித்தப்பாவுக்கு மாவுக்கட்டுப் போட்டு வீடு வந்து சேர்ந்தபோது புரோக்கரும் டிரைவரும் வாசலில் காத்திருந்தார்கள். மெக்கானிக் சாம்பல் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

"அப்ப இதுதான அண்ணாச்சி?" என்றார் புரோக்கர்.

அப்பா அம்மா பக்கம் கையைக் காட்டினார். "ஓட்டப் போறவுகளக் கேளுங்க."

தன்னைப் பற்றி அப்பா 'அவுக, இவுக' என்று மரியாதையாகச் சொல்லி அம்மா அதுவரை கேட்டதில்லை. சாம்பல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "அதையும் ஓட்டிப் பாக்காமச் சொல்லக் கூடாது" என்று சாம்பல் வண்டியில் ஏறினாள். தெரு முனை வரைக்கும் போய், திருப்பிக்கொண்டு வந்து, அலுங்காமல் நிறுத்தினாள். தெருவே வாசலில் நின்றது.

"நல்ல வண்டி. ஒரு குத்தம் சொல்ல முடியாது. யாரு ஓட்டுனாலும் ஓடும்" என்றாள்.

"சிவப்பு?"

"அது நான் ஓட்டுனாத்தான் ஓடும்."

அப்பா தன் ஒரே கேள்வியை அப்போதும் விடவில்லை. "வழியில நின்னா?"

"எறங்கிப் பாப்பேன். மூடியத் தெறந்தா எல்லாம் கைக்கு எட்டுது. அந்த வண்டி நிக்காது, ஆனா யாரு ஓட்டுனாலும் ஓடுமேன்னு சம்பளத்துக்கு ஒரு டிரைவர நீங்க தேடுவீக. நான் மறுபடியும் பின்னால ஒக்காந்து வரணும். இதுன்னா நானே ஓட்டுவேன்."

சாம்பல் வண்டியின் வயசான டிரைவர்தான் முதலில் சிரித்தார். "அண்ணாச்சி, தங்கச்சி கை லாரி ஓட்டுன கை. கியரு போட்ட சத்தத்துலயே தெரியுது. சிவப்பையே வாங்கிருங்க" என்றார். அன்று சாயங்காலம் பத்தாயம் மதுரைக்குத் திரும்பிப் போனது.

தீப்பெட்டி நிற்காமல் ஓடியது என்று பொய் சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது நின்றது. பின்சீட்டில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே நானும் ஒரு கட்டாக இருந்தேன். காரியாபட்டி பக்கத்தில் ஒருநாள் ஆக்ஸிலேட்டர் கம்பி அறுந்துபோனது. "பாவாட நாடாவ உருவு" என்றாள் அம்மா. உருவிக் கொடுத்தேன். அதை வைத்துக் கட்டி ஊர் வந்து சேரும் வரைக்கும் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. ஒரு சேலைகூட அதன் பிறகு நனையவில்லை.

அப்பாவைக் கஞ்சத்தனமான, பயந்த மனுஷர் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் தன் பிழைப்பை ஏற்றிவிட்டு, மேலேயே பார்த்துக்கொண்டு வந்த மனுஷர் அவர். நிற்குமா என்று கேட்காமல் வேறு எதைக் கேட்பார்?

தைமாதம் பிறந்ததும் லைசென்ஸுக்காக மதுரைக்குப் போனோம். பரீட்சை வைக்கிற அதிகாரி அப்பாவைப் பார்த்து, "வாங்க, ஏறுங்க" என்றார். அப்பா தள்ளி நின்று அம்மாவுக்கு வழிவிட்டார். அதிகாரி இரண்டு கம்புகளை ஊன்றி, நடுவில் பின்னோக்கி வரச் சொன்னார். அம்மா ஒரே மூச்சில் வந்து நின்றாள். கம்புகளை நெருக்கி ஊன்றினார். மறுபடியும் வந்தாள். மூன்றாவது தடவை அவரே கம்பைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, "போதும்மா, வெயில்ல நிக்க முடியல" என்று கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது அம்மா எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை. நேரே தூத்துக்குடி ரோட்டில் விட்டாள். எங்கே போகிறோம் என்று அப்பா கேட்கவும் இல்லை.

பந்தல்குடியில் லாரி ஷெட்டு வாசலில் தாத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சிவப்புக் கார் வந்து நின்றதும் யாரோ பெரிய மனுஷர் என்று துண்டைத் தோளிலிருந்து எடுத்தபடி எழுந்து வந்தார். ஸ்டீரிங்குக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். அப்படியே அப்பாவைப் பார்த்தார்.

"மாப்பிள்ள... நான் ஒரு விசயத்த ஒங்ககிட்ட மறச்சுட்டேன்."

"மறச்சிருக்கக் கூடாது மாமா" என்றார் அப்பா கறாராக. தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். "பதினோரு வருசம் நான் பஸ்ஸுல போயிருக்கேன்."

தாத்தாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா லைசென்ஸை அவரிடம் நீட்டினாள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதில் ஒட்டியிருந்த போட்டோவைத் தடவிப் பார்த்தார்.

"ஏறுங்கப்பா" என்றாள் அம்மா.

அப்பா முன்சீட்டை மாமனாருக்கு விட்டுவிட்டு, முட்டி முகவாயில் இடிக்க, என் பக்கத்தில் பின்னால் வந்து ஒடுங்கி உட்கார்ந்தார். வண்டி தூத்துக்குடியைப் பார்த்துக் கிளம்பியது. ரோட்டோரத்துச் சாயாக்கடையில் நின்ற பழைய லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏலே, நம்ம மொதலாளி மகடா!" என்று கத்தினார். நின்றிருந்த லாரிகள் ஒன்று மாற்றி ஒன்று ஹாரன் அடித்தன. அம்மாவும் பதிலுக்கு அடித்தாள். அந்தச் சின்ன வண்டியின் ஹாரன் கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி இருந்தது. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அன்று எட்டயபுரம் போய்ச் சேர்வதற்குள் ஐந்து லாரிகளை முந்தினோம். ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணிச் சத்தமாகச் சொன்னது அப்பாதான்.